மெங்லோங் ஷி: மசங்கல் கவிதை

1970களின் இறுதியில் சீனாவில் எழுந்த ஒரு கவிதைப் போக்கின் பெயர் 'மெங்லோங் ஷி'. 'ஷி' என்றால் சீன மொழியில் கவிதை. 'மெங்லோங்' என்பது நிலவொளி மங்கிக் கிடப்பதைச் சொல்லும் பழஞ்சொல். அதை எழுதும் இரண்டு எழுத்துகளிலுமே நிலாவைக் குறிக்கும் உறுப்பு உண்டு. தெளிவின்மை, கலங்கல் என்பவை அதிலிருந்து விரிந்த பொருள்கள்.

கவிஞர்கள் தாமே சூட்டிக்கொண்ட பெயர் அன்று இது, வசவாக வந்தது. 1980 ஆகஸ்டில் 'ஷிகான்' என்ற சீனக் கவிதை இதழில் சாங் மிங் என்பவர், மூச்சுமுட்ட வைக்கும் இந்த 'மெங்லோங்' எதற்கு என்ற தொனியில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் பிடித்துக்கொண்ட கவிதைகளில் ஒன்று, மலாயாவில் பிறந்த து யுன்ஷியேயின் 'இலையுதிர்காலம்'. அதில் புறாவின் உடலில் கட்டிவிடும் ஊதல்கூட முதிர்ந்த குரலில் ஒலிக்கிறது. ஊதல் வெறும் கருவிதானே, அதற்கு ஏது முதிர்ச்சி என்று கேட்டார் சாங் மிங். வேடிக்கை என்னவென்றால், து யுன்ஷியே அப்போது அறுபதைக் கடந்தவர். 1940களிலேயே பெயர் பெற்றவர். வசவு போய் ஒட்டிக்கொண்டதோ இளைஞர்கள்மீது.

கவிஞர்கள் பெய் தாவும் மாங் கேயும் 1978 டிசம்பரில் பெய்ஜிங்கில் தொடங்கிய 'ஜின்தியன்' (இன்று) இதழைச் சுற்றித் திரண்டவர்கள் அவர்கள். சூரியன் என்றால் தலைவர், சிவப்பு என்றால் புரட்சி என்று படிமத்துக்கு ஒரே பொருள் முத்திரையிடப்பட்ட, மாவோவின் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் (1966–76) வளர்ந்தவர்கள். அவர்களில் ஒருவரான கு செங்கின் 'ஒரு தலைமுறை' இரண்டே வரி: கரிய இரவு தந்த கரிய கண்களால் ஒருவன் ஒளியைத் தேடுகிறான். இதில் புரியாதது ஒன்றுமில்லை. எந்த இரவு என்று கேட்டால்தான் சிக்கல்.

திறனாய்விலும் இதனால் ஒரு கதவு திறந்தது. சியே மியன், சுன் ஷாவ்சென், ஷு ஜிங்யா ஆகியோர் இக்கவிஞர்களுக்காக எழுதிய கட்டுரைகள் 'மூன்று எழுச்சிகள்' எனப்பட்டன. கவிதை அரசின் முழக்கமாக இருக்க வேண்டியதில்லை, தனிமனிதனின் அகத்தைப் பேசலாம் என்பதே வாதம். 1983இல் மேலைக் கருத்துகளின் தாக்கத்தை எதிர்த்து ஆட்சியாளர்கள் நடத்திய 'சிந்தனை மாசு' எதிர்ப்பு இயக்கம் வந்ததும், ஷு ஜிங்யா தன் கருத்தைத் தானே கண்டித்து எழுத நேர்ந்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'மூடுபனிக் கவிதை' ஆங்கிலத்தின் (Misty Poetry) வழியே வருவது. அந்தப் பனியில் நிலா காணாமல் போகிறது. 'இருண்மை' நம் திறனாய்வில் எல்லாவகைப் புரியாமைக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. இருட்டும் சற்று அதிகம். ஒளி முற்றும் அணையாத அந்திப்பொழுதை 'மசங்கல்' என்கிறோம். எனக்கு அதுவே பொருத்தம்: மசங்கல் கவிதை, மசங்கல் கவிஞர்கள். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் 'மெங்லோங் ஷி' என்று அடைப்பில் கொடுத்துவிடலாம்.