கல்குலேட்டரில் ஏசி பொத்தானை அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடாது

கடந்த கிழமையும் அதே கதைதான். நிலாவெளிப் பக்கம் ஒரு காணி அளவை. பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் டிராவர்ஸ் கணக்கை, அதாவது எல்லையைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக அளந்த தூரத்தையும் கோணத்தையும் வைத்துப் போடும் கணக்கை, போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தொடங்கிய புள்ளியில் வந்து மூடவில்லை. கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியில்தான் பிழை என்று முடிவுகட்டி, கொதிக்கிற வெய்யிலில் காணி முழுவதையும் மறுபடி சுற்றி அளந்திருக்கிறார்கள். இரண்டாம் முறையும் மூடவில்லை. கல்குலேட்டரை வாங்கிப் பார்த்தேன். திரையின் மேல் விளிம்பில் சின்னதாக 'ஜி' என்று ஓர் எழுத்து நின்றது. "இது என்ன தம்பி?" என்று கேட்டேன். "தெரியாது சேர். ஆனா ஏசி அழுத்திட்டுத்தான் தொடங்கினனாங்கள்" என்றார்கள்.

இந்தப் பதிலை நான் கேட்காத வருடமே இல்லை. அதனால் இதை முதலில் விரிவாகச் சொல்கிறேன். ஏசி பொத்தான் திரையில் இருக்கும் கணக்கை அழிக்கும். அவ்வளவுதான். கோணத்தை எந்த அலகில் எடுப்பது என்ற அமைப்பை அது தொடாது. எம் நினைவகத்தில் கிடக்கும் எண்ணைத் தொடாது. தசம தானம் இத்தனை என்று யாரோ வைத்துவிட்டுப் போனதையும் தொடாது. கருவியை அணைத்து மூடி, நாளைக்குத் திறந்தாலும் இவை அப்படியே இருக்கும். நண்பனிடம் இரவல் வாங்கினால் அவன் விட்ட அமைப்போடுதான் உங்கள் கைக்கு வருகிறது. ஒரே கணக்குக்கு இரண்டு கல்குலேட்டர் இரண்டு விடை தந்தால் "ஒண்டு பழுது" என்று சொல்லாதீர்கள். இரண்டும் சரியாகத்தான் வேலை செய்கின்றன. இரண்டின் அமைப்பும் வேறு.

திரையின் மேலே 'டி' என்றால் பாகை, 'ஆர்' என்றால் ரேடியன், 'ஜி' என்றால் கிரேட். ஒரு முழு வட்டம் 360 பாகை. அதுவே 400 கிரேட். சைன் 30 அழுத்திப் பாருங்கள். பாகையில் 0.5 வரும். ரேடியனில் −0.988 வரும், குறியைப் பார்த்தவுடனேயே ஏதோ பிழை என்று தெரிந்துவிடும். கிரேட்டில் 0.454 வரும். எனக்குப் பயம் இதில்தான். 0.5 இற்குக் கிட்ட இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கணக்கைத் தொடங்க முன் சைன் 30 போட்டுப் பாருங்கள், 0.5 வராவிட்டால் தொடங்காதீர்கள். ஐந்து செக்கன் வேலை இது. கசியோ இ.எஸ். வகையில் ஷிஃப்ட், மோட், பிறகு 3 அழுத்தினால் பாகைக்கு வரும். பழைய எம்.எஸ். வகையில் மோட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி 'டெக்' (Deg) என்ற தெரிவைத் தேட வேண்டும். எல்லாமே குழம்பிக் கிடந்தால், இ.எஸ். பிளஸில் ஷிஃப்ட், 9, 3, சமன், ஏசி என்று அழுத்தித் தொழிற்சாலை அமைப்புக்கே கொண்டுபோய்விடலாம். நினைவகத்தில் வைத்திருந்ததும் அதோடு போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

பிள்ளைகளில் மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஓ.எல். கணிதத்துக்கும் சரி, ஏ.எல். இணைந்த கணிதம், பௌதிகவியலுக்கும் சரி, பரீட்சை மண்டபத்துக்குள் கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது. மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பழகிய கை, கடைசிப் பரீட்சை முடிந்த பிறகுதான் முதன்முதலாக இந்தக் கருவியைப் பிடிக்கிறது. அதோடு வந்த கையேட்டுத் தாளோ பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்கும்.

அடுத்தது பாகை, கலை, விகலை. 45°30′ என்பதை 45.30 என்று தட்டுகிறார்கள். ஒரு பாகைக்கு 60 கலை என்பது நாலாம் கேள்விக்குத் தெரிந்திருக்கும், ஐந்தாம் கேள்வியில் கை மறந்துவிடும். 45°30′ என்றால் 45.5. 60 மீற்றர் எல்லைக் கோடு ஒன்றில் இந்தப் பிழை மறுமுனையை 21 சென்ரிமீற்றர் தள்ளிப் போடும். கிட்டத்தட்ட ஒரு சாண். உப்புவெளியில் ஒரு சாண் வேலிக்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அறுந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் பெரிதாக வேண்டுமா? திருகோணமலை நகரம் ஏறத்தாழ வட அகலாங்கு 8°34′ இல் இருக்கிறது. அதை 8.34 என்று எழுதிப் பாருங்கள், ஊர் 25 கிலோமீற்றர் தெற்கே, மூதூரையும் தாண்டிப் போய்விடும்.

இதற்கென்றே பாகைக் குறி, ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு அச்சிட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. 45, அந்தப் பொத்தான், 30, மறுபடி அந்தப் பொத்தான். விடை வந்த பிறகு அதையே இன்னொரு முறை அழுத்தினால் தசமத்துக்கும் பாகை கலைக்கும் மாறி மாறிக் காட்டும். 12°0′20″ போன்ற கோணத்தில் நடுவிலுள்ள பூச்சியத்தையும் அழுத்தத்தான் வேண்டும். அதை விட்டால் 20 விகலை 20 கலையாகிவிடும்.

திசைகோள், அதாவது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஒரு கோட்டின் கோணம், எடுக்கும்போது டான்⁻¹ பொத்தானை நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. ஒரு கோட்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே வடக்கு வித்தியாசம் −30, கிழக்கு வித்தியாசம் 40 என்று வையுங்கள். 40 ÷ (−30) இன் டான்⁻¹ எடுத்தால் −53.13° வருகிறது. கோடு உண்மையில் போவது தென்கிழக்கே, 126.87° இல். எந்தக் கால்வட்டம் என்று அந்தப் பொத்தானுக்குத் தெரியாது, வகுத்தவுடனேயே அந்தச் செய்தி அழிந்துவிட்டது. 'போல்' (Pol) என்ற வசதிக்கு இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கொடுக்கலாம்: முதலில் வடக்கு, பிறகு கிழக்கு. தூரம் 50, கோணம் 126.87° என்று இரண்டையும் ஒன்றாகத் தரும். கோணம் மறையாக வந்தால் 360 ஐக் கூட்டுங்கள். இவ்வளவு நல்ல பொத்தான் பெரும்பாலானவர்களின் கருவியில் தொடாமலே கிடக்கிறது. இன்னொன்று: சைன்⁻¹ வேறு, சைனின் நிகர்மாற்று (1 ஐ அதால் வகுப்பது) வேறு. 0.5 இன் சைன்⁻¹ 30 பாகை. சைன் 30 இன் நிகர்மாற்று 2.

அடைப்புக்குறி போடச் சோம்பல்படாதீர்கள். இரட்டைப் பரப்பளவு (உண்மைப் பரப்பின் இரண்டு மடங்கு) 2023.2 சதுர மீற்றர் வந்திருக்கிறது, பேர்ச்சஸாக்க வேண்டும், ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். 2023.2 ÷ 2 × 25.29 என்று தட்டினால் 25583 வரும். 2023.2 ÷ (2 × 25.29) என்றால் 40 பேர்ச்சஸ், சரியாக ஒரு ரூட், அதாவது கால் ஏக்கர். பெருக்கலிலும் வகுத்தலிலும் கல்குலேட்டர் இடமிருந்து வலமாகத்தான் போகும். உங்கள் மனதில் பின்னக் கோட்டின் கீழே எழுதியிருந்தது அதற்குத் தெரியாது. வர்க்கமும் அப்படித்தான். −5 ஐ அடைப்புக்குறிக்குள் வைக்காமல் வர்க்கித்தால் −25 காட்டும்.

எக்ஸ்ப் என்று அச்சிட்ட பொத்தானுக்குள் "பெருக்கல் பத்தின் அடுக்கு" ஏற்கெனவே இருக்கிறது. 3, எக்ஸ்ப், 8 போதும். 3 × 10, எக்ஸ்ப், 8 என்று அழுத்தினால் பத்து மடங்கு கூடிவிடும். விடையில் 5 மட்டும் தெரிந்தவுடன் எழுதி வைக்காமல், வலப்பக்கம் −3 என்ற அடுக்கு நிற்கிறதா என்று பாருங்கள். எண்ணை எப்படிக் காட்டுவது என்பதற்கு நோர்ம் (Norm) 1, 2 என்று இரண்டு அமைப்பு உண்டு. 1 ÷ 200 ஐ நோர்ம் 1 அமைப்பு 5 × 10⁻³ என்றுதான் காட்டும். நோர்ம் 2 இற்கு மாற்றினால் 0.005 என்றே வரும்.

திரையில் 'எம்' தெரிந்தால் நினைவகத்தில் பழைய எண் ஒன்று கிடக்கிறது என்று பொருள். நீங்கள் எம் பிளஸ் அழுத்தும் ஒவ்வொரு முறையும் அதோடுதான் கூடுகிறது. முதலில் 0, ஷிஃப்ட், ஆர்.சி.எல்., எம் பிளஸ் என்று அழுத்தி வெறுமையாக்குங்கள்.

பயிலுநர்களை எடுக்கும் அளவையாளர்களிடமும் தொழில்நுட்பக் கல்லூரி விரிவுரையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். முதல் நாள் முக்காலியைத் தூக்கக் கொடுக்க முன் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, அந்தப் பிள்ளை கொண்டுவந்த கல்குலேட்டரையே மேசையில் வைத்துச் சொல்லிக் கொடுங்கள். உங்களுடைய மாதிரியில் காட்டினால் பொத்தான் இடம் மாறி இன்னும் குழம்புவார்கள். விடை தெரிந்த ஒரு பழைய டிராவர்ஸைக் கொடுத்து, தானே மூடிக் காட்டும்வரை வெளியே அனுப்பாதீர்கள்.