ஓடிக்கொண்டே தண்ணீர் குடித்த ரயில்

1928 மே 1, காலை 10 மணி. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் கிளம்பிய ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன், 632 கிலோமீட்டர் தள்ளி ஸ்காட்லாந்தின் எடின்பரோவில்தான் நின்றது. நடுவில் ஒரு நிறுத்தமும் இல்லை. இழுத்தது நீராவி இன்ஜின் என்பதுதான் இதில் அதிசயம்.

இதே பெயரில் புகழ்பெற்ற இன்ஜின் ஒன்றும் உண்டு. அன்றைக்கு இழுத்ததும் அதுதான் என்பதால் பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். இன்ஜின் 1923இல் பிறந்தது. ரயிலோ 1862இலிருந்து ஓடுகிறது. அப்போது பயணம் பத்தரை மணி நேரம். வண்டிக்குள் சாப்பாடு கிடையாது. யார்க் நிலையத்தில் அரை மணி நிற்கும், அதற்குள் எல்லோரும் இறங்கி அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். 1900இல் உணவுப் பெட்டி வந்ததும் அந்த ஓட்டம் நின்றது.

பயணிகளின் பசி தீர்ந்தது. இன்ஜினின் தாகம்?

நீராவி இன்ஜின் குடித்த தண்ணீரைத் திரும்பப் பெறுவதில்லை. சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே போய்விடும். அது வீண் என்றும் சொல்ல முடியாது. சீறிக்கொண்டு வெளியேறும் அந்த நீராவிதான் புகையையும் கூடவே இழுத்துப் போய், அடுப்புக்குள் புதுக் காற்றை வரவழைக்கிறது. ஆனால் கணக்கு உதைக்கும். ஒரு கிலோ நிலக்கரி சுமார் 7 கிலோ தண்ணீரை ஆவியாக்கும். இன்ஜினின் பின்னால் வரும் டெண்டரில் 9 டன் நிலக்கரி. பயணத்துக்கு அது போதும். அதை முழுக்க எரித்தால் 60 டன்னுக்கு மேல் தண்ணீர் வேண்டும். டெண்டரில் இருந்ததோ 5,000 கேலன், அதாவது ஏறக்குறைய 23 டன்.

இதற்கு 1860இலேயே ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற பொறியாளர் வழி கண்டிருந்தார். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, சமதளமான இடத்தில், நீளமான தொட்டி. ஒரு சாண்கூட ஆழமில்லை. மேலே ரயில் ஓடும்போது, அடுப்பில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் டெண்டரின் அடியிலிருக்கும் அகப்பையை இறக்குவார். தண்ணீர் தானாகக் குழாயில் ஏறி டெண்டருக்குள் கொட்டும். பம்பு எதுவும் கிடையாது.

படகில் போகும்போது உள்ளங்கையைக் குவித்து ஆற்றில் விட்டுப் பாருங்கள், தண்ணீர் மணிக்கட்டைத் தாண்டி ஏறும். அதேதான் இது. தண்ணீர் சும்மா கிடக்கிறது, அகப்பை பாய்ந்து வருகிறது. அகப்பையின் பக்கமிருந்து பார்த்தால் தண்ணீர்தான் ரயிலின் வேகத்தில் அதன்மேல் மோதுகிறது. அந்த வேகம் உயரமாக மாறுகிறது. மணிக்கு 24 கிலோமீட்டரில் போனால், உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 2.3 மீட்டர் ஏறும். வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்கு. அதனால்தான் விரைவு ரயில் தொட்டியைக் கடக்கும்போது இருபுறமும் தண்ணீர் சிதறும். முதல் பெட்டியில் ஜன்னலைத் திறந்து வைத்தவர் நனைந்தார் என்றே வைத்துக்கொள்ளலாம்! லண்டன்–எடின்பரோ பாதையில் இப்படி ஆறு இடங்கள் இருந்தன.

சரி, ஓட்டுநரும் ஃபயர்மேனும் மனிதர்கள்தானே? எட்டு மணி நேரம் கரி அள்ள யாரால் முடியும்? இன்னொரு ஜோடி முன்பெட்டியில் பயணம் செய்தது. பாதி வழியில் அவர்கள் இன்ஜினுக்குப் போக, தலைமைப் பொறியாளர் நைஜல் கிரெஸ்லி டெண்டரின் ஓரமாகவே ஒரு நடைபாதை வைத்தார். அகலம் 46 சென்டிமீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர். வீட்டில் நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாக வைத்து, அந்த இடுக்கில் தானே நுழைந்து பார்த்து அளவு எடுத்தார் என்று சொல்வார்கள்.

இவ்வளவு செய்தும் பயண நேரம் எட்டேகால் மணி. சராசரி வேகம் 77 கிலோமீட்டர்கூட இல்லை. காரணம் இன்ஜின் அல்ல. 1888இல் ஸ்காட்லாந்துக்குப் போட்டி போட்டு ரயில் விட்ட கம்பெனிகள், அப்புறம் இதற்குமேல் வேகம் வேண்டாம் என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. அந்த ஒப்பந்தம் 1932இல்தான் முறிந்தது. அதுவரை ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் எங்கும் நிற்காமல், நிதானமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.