பிரித்துக் கொடுக்கும் பங்கு இலவசம் இல்லைங்க

"சார், அந்தக் கம்பெனி பேமெண்ட் பிசினஸைத் தனியாப் பிரிக்கப் போகுதாம். இப்ப வாங்கிப் போட்டா புதுப் பங்கு சும்மா வருமாமுங்க."

ஈரோட்டில் மஞ்சள் மண்டி நடத்துபவர். சரக்கு எடுக்க வைத்திருந்த பணத்தைப் பங்கில் போட்டுவிட்டு வந்து நிற்கிறார். இந்த மாதம் இதே பேச்சோடு, வரிக் கணக்கு பார்க்கும் என் ஆபீசுக்கு வந்த நான்காவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

பத்து ஏக்கர் தோப்பை இரண்டு பட்டாவாகப் பிரித்தால் பன்னிரண்டு ஏக்கர் ஆகுமா? 2023 ஜூலையில் ரிலையன்சிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்ததைப் பாருங்கள். முந்தின நாள் ரிலையன்ஸ் 2,841.85 ரூபாய். பிரிந்த அன்று காலை 2,580. குறைந்த 261.85தான் புதுப் பங்கின் விலை. கூட ஒரு பைசா வரவில்லை. அன்றைக்கு "என் பங்கு விழுந்துருச்சுங்க" என்று பதறி விற்றவர்களும் உண்டு.

எல்லோரும் காட்டும் உதாரணம், அமெரிக்காவின் ஈபே கையில் இருந்த பேமெண்ட் கம்பெனி பேபால். 2014இல் கார்ல் ஐகான் என்ற பெரிய முதலீட்டாளர் தனியாகப் பிரிக்கச் சொல்லி நெருக்கினார், ஈபே முதலில் மறுத்தது, அப்புறம் இறங்கி வந்தது, 2015 ஜூலையில் பிரித்தது. பேபால் பெரிதாக வளர்ந்ததும் நிஜம். 2021இல் 300 டாலரைத் தாண்டிய அதே பங்கு 2023இல் 60க்குக் கீழே போனதை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

அறிவித்தால் பிரிப்பார்கள் என்பதும் நிச்சயமில்லை. எஃப்.ஐ.எஸ். என்ற அமெரிக்க நிறுவனம் 2019இல் வேர்ல்ட்பே என்ற பேமெண்ட் கம்பெனியை வாங்கியது. முதலீட்டாளர்கள் நெருக்க, தனியாகப் பிரிப்பதாக 2023 பிப்ரவரியில் சொன்னது. ஜூலையில் பேச்சு மாறி, 55 சதவீதத்தை ஜி.டி.சி.ஆர். என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. புதுப் பங்குக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது வரவே இல்லை. நெருக்கடி கொடுக்கிற பெரிய கை அவருடைய லாபத்துக்காகக் கொடுக்கிறார். வெளியேறும்போது உங்களிடம் சொல்லிவிட்டுப் போக மாட்டார்.

இனி வரி. புதுப் பங்கை விற்றுவிட்டு, வாங்கிய விலை பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு வராதீர்கள். கூடுதல் வரி கட்டுவது நீங்கள்தான். பழைய பங்கின் விலையைத்தான் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ரிலையன்சுக்கு 95.32 சதவீதம், ஜியோவுக்கு 4.68 என்று நிறுவனமே அறிவித்தது. 2,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் ஜியோவின் அடக்கம் 93.60 ரூபாய், ரிலையன்சின் அடக்கம் 1,906.40. புதுப் பங்கு கைக்கு வந்தபோது வரி கிடையாது. வைத்திருந்த காலமும் பழைய பங்கு வாங்கிய தேதியிலிருந்தே கணக்கு. லாபம் நீண்டகாலமா குறுகியகாலமா என்பதே இதில்தான் மாறும்.

பசங்க அமெரிக்காவில் இருந்து, உங்கள் பெயரிலும் அங்கே பங்கு இருந்தால், பிரிந்து வந்த பங்கையும் சேர்த்து வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டியே ஆக வேண்டும். "ஒரு பங்குதானுங்களே" என்று விட்டுவிடாதீர்கள்.

மண்டிக்காரருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: சரக்குப் பணத்தைச் சரக்குக்குத் திருப்புங்க. மற்றவர்கள் தயவுசெய்து டீமேட் ஸ்டேட்மெண்ட்டையும் பங்கு வாங்கியபோது புரோக்கர் கொடுத்த பழைய கான்ட்ராக்ட் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஜூலை முதல் வாரமே வாங்க. ரிட்டர்ன் போடுவதற்குக் கடைசி ராத்திரி வந்தால் பழைய விலையைத் தேடி எடுக்க நேரம் இருக்காதுங்க.