கீரோவுக்குப் போட்ட கடிதம் எந்தக் கீரோவுக்குப் போகும்?

ரஷ்ய வரைபடத்தை மேய்ந்துகொண்டிருந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: ஒரே நாட்டுக்குள் ரெண்டு கீரோவ், ரெண்டு பிளகவேஷ்சென்ஸ்க், எண்ணி மாளாத இவானவ்கா. தபால்காரர் பாவம் என்னதான் செய்வார்?

ஏன் இப்படி ஆனது என்பதை வேகமாக முடித்துவிடுகிறேன். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கிராமங்கள் உள்ள நாடு, பெயர் வைக்கக் கையில் இருந்த சரக்கோ கொஞ்சம். ஊர்த் தேவாலயம் எந்தப் புனிதருக்கோ எந்தத் திருநாளுக்கோ உரியதோ அதுவே ஊர்ப்பெயர் ஆகிவிடும், அப்படித்தான் திரும்பிய பக்கமெல்லாம் நிகோல்ஸ்கோயே, பக்ரோவ்ஸ்கோயே. ஊரை உண்டாக்கியவரோ நிலத்துக்குச் சொந்தக்காரரோ இவான் என்றால் இவானவ்கா. குடிபெயர்ந்து போனவர்கள் பழைய ஊர்ப்பெயரோடு ஆற்றின் பெயரையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்: உக்ரைனின் பெரெயாஸ்லாவ், மாஸ்கோவுக்கு வடகிழக்கே பெரெஸ்லாவ்ல், 1778 வரை பெரெயாஸ்லாவ்ல் என்றே இருந்த ரியசான், மூன்றும் துருபேஷ் என்ற ஆற்றங்கரையில்தான் இருக்கின்றன, ஆனால் மூன்றும் வேறு வேறு ஆறு! அப்புறம் சோவியத் காலம். 1934 டிசம்பரில் லெனின்கிராட் நகரக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கீரோவ் சுட்டுக் கொல்லப்பட்டதும் வியாத்கா நகரம் கீரோவ் ஆனது, ரெண்டு வருடத்தில் மாஸ்கோவுக்குத் தென்மேற்கே கலூகா பக்கம் இன்னொரு கீரோவ் முளைத்தது.

சரி, கடிதத்துக்கு வருவோம். 1971இல் சோவியத் தபால் துறை ஆறு இலக்கக் குறியீட்டைக் கொண்டுவந்தது. முதல் மூன்று இலக்கம் பகுதியைச் சொல்லும், அடுத்த மூன்று தபால் நிலையத்தை. வியாத்காவாக இருந்த கீரோவ் 610இல் தொடங்கும், கலூகாக் கீரோவ் 249இல். சீன எல்லையில் ஆமூர் கரையில் இருக்கும் பிளகவேஷ்சென்ஸ்குக்கு 675, உஃபா நகருக்குப் பக்கத்தில் இருப்பதற்கு 453. இந்த ரெண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் நான்கு மணி நேரம் வித்தியாசம், அவ்வளவு தூரம்.

பெயர்க் குழப்பம் தீர்ந்தது. ஆனால் கையால் எழுதிய எண்ணை கடிதங்களைப் பிரிக்கும் எழுபதுகளின் இயந்திரம் எப்படிப் படிக்கும்? இங்கேதான் எனக்குக் குஷி. உறையின் இடது கீழ் மூலையில் புள்ளிக்கோட்டால் ஆறு கட்டங்கள் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒன்றின்மேல் ஒன்றாக ரெண்டு சதுரம், நடுக்கோடு ரெண்டுக்கும் பொது, சதுரத்துக்குள் ஆளுக்கொரு சாய்வுக்கோடு. ஆக மொத்தம் ஒன்பது கோட்டுத் துண்டு. எழுதுபவர் அந்தத் துண்டுகள்மேல் மட்டும்தான் பேனாவை ஓட்ட வேண்டும், உறையின் பின்பக்கத்தில் மாதிரியும் இருக்கும். 3 என்றால் மேல்கோடு, சாய்வு, நடுக்கோடு, மறுபடி சாய்வு. இயந்திரத்துக்கு எழுத்தறிவே தேவையில்லை, ஒன்பது இடத்திலும் மை இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும்.

அந்த ரெண்டு சாய்வுக்கோடு எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். கால்குலேட்டரில் ஏழு துண்டிலேயே எல்லா எண்ணும் வந்துவிடுகிறதே! வரும், ஆனால் அதில் 6க்கும் 8க்கும் ஒரே ஒரு துண்டுதான் வித்தியாசம், 5க்கும் 6க்கும் ஒன்று, 3க்கும் 9க்கும் ஒன்று. ஒரு இடத்தில் மை பட்டுவிட்டால் எண்ணே மாறிப்போகும். ரஷ்யக் கட்டத்தில் 6இன் தலையைச் சாய்வாக்கியதும் 6க்கும் 8க்கும் நான்கு துண்டு வித்தியாசம் வந்துவிடுகிறது. 5க்கும் 6க்கும் நான்கு, 3க்கும் 9க்கும் மூன்று. ஒரு துண்டு கெட்டாலும் அது எந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். பிழைதிருத்தும் குறியீட்டுக் கணிதத்தின் அடிப்படையே இந்த இடைவெளிதான், அது ஒரு தபால் உறையின் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கிறுக்கலையும் படிக்கும் செயற்கை நுண்ணறிவுக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள், கொட்டட்டும். ஆனால் எழுதும் முறையைக் கொஞ்சம் மாற்றி வேலையை முடிக்கும் இந்த மாதிரி ஆராய்ச்சிக்கும் நாலு காசு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

ஒரு பெரிய ஓட்டை உண்டு. 0க்கும் 8க்கும் இங்கேயும் நடுக்கோடு ஒன்றுதான் வித்தியாசம். கடைசி மூன்று இலக்கத்தில் தப்பு நடந்தால் கடிதம் அதே பகுதியில் வேறொரு தபால் நிலையத்துக்குப் போகும், பெரிய நஷ்டமில்லை. ஆனால் கீரோவின் 610இல் அந்த 0க்கு நடுவே பேனா தவறிக் கோடு விழுந்தால் 618, கடிதம் நேராகப் பெர்ம் பகுதிக்குக் கிளம்பிவிடும், அங்கே யாராவது முகவரியைக் கண்ணால் படித்துத் திருப்பி அனுப்பினால்தான் உண்டு.