விபத்து நஷ்டஈடு: மெடிக்கல் போர்டுக்குப் போவதற்கு முன்

சாலை விபத்தில் அடிபட்டவர், விபத்து நடந்த ஊரிலோ தாம் குடியிருக்கும் ஊரிலோ உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்கலாம். ஓசூர் பக்கம் அடிபட்ட குடியாத்தத்துக்காரர் அங்கே அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் சட்டம்.

வழக்கின் அஸ்திவாரம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அன்றே எழுதப்படும் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். எப்படி அடிபட்டது என்று அடிபட்டவரையோ கூட வந்தவரையோ கேட்டுத்தான் டாக்டர் எழுதுவார். பதற்றத்தில் "பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டால் அதுவே பதிவாகிவிடும். பிறகு இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைக் காட்டி, "தானாக விழுந்தவர்தானே" என்பார். லாரி மோதியிருந்தால் லாரி மோதியது என்றே சொல்லுங்கள்.

தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசமாகப் பார்த்திருப்பார்கள். பில் இல்லையே என்று டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்காமல் வந்துவிடாதீர்கள்.

ஊனம் எவ்வளவு என்று கணிக்கத் தீர்ப்பாயம் உங்களை அரசு மருத்துவமனையின் மெடிக்கல் போர்டுக்கு, அதாவது டாக்டர்கள் குழுவுக்கு, அனுப்பலாம். எந்த மருத்துவமனை, எந்தத் தேதி என்பது கடிதத்தில் இருக்கும். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை என்றால் திருவண்ணாமலை ரோட்டு பஸ்ஸில் காலையிலேயே போய்விடுவது நல்லது. ஆதார், கோர்ட் கடிதம், பழைய எக்ஸ்ரே, புது எக்ஸ்ரே, ஆபரேஷன் குறிப்பு எல்லாம் தேதிவாரியாக இருக்கட்டும். ஒரிஜினல்கள் கோர்ட்டில் இருந்தால் வக்கீலிடம் நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே இருப்பவர்கள் உங்களுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் அல்ல. முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது, கால் எவ்வளவு குட்டையாகிவிட்டது என்று அளந்து பார்ப்பார்கள். நம் ஆட்கள் டாக்டரைக் கண்டதும் மரியாதைக்காக "இப்ப பரவாயில்லைங்க சார்" என்பார்கள். இந்த இடத்தில் அது வேண்டாம். நொண்டி நடித்துக் காட்டுவதும் வேண்டாம், அளக்கும்போதே தெரிந்துவிடும். சம்மணம் போட முடியவில்லை, படியேறினால் வலிக்கிறது, இரவில் மரத்துப்போகிறது என்று நடப்பதை நடப்பதாகச் சொல்லுங்கள். உள்ளே வைத்த பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி என்றால் அதையும் சொல்ல வேண்டும். வருங்கால மருத்துவச் செலவு அதை வைத்துத்தான் கணக்கில் வரும்.

போர்டு தரும் சதவீதமே நஷ்டஈட்டுக் கணக்கு ஆகிவிடாது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது: ஊனத்தால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தீர்ப்பாயம் தனியாகப் பார்க்க வேண்டும். கணுக்கால் மடங்காதவர் மேசை வேலையில் இருந்தால் சம்பளம் குறையாமல் போகலாம். பேரணாம்பட்டில் ஈரத்தோல் மூட்டை சுமக்கிறவருக்கு அதே கணுக்கால்தான் பிழைப்பு. அதனால் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதற்கான ஆதாரம், அதாவது சம்பளச் சீட்டு, டிரைவிங் லைசென்ஸ், முதலாளியின் கடிதம், எக்ஸ்ரேவுக்குச் சமமான கனம் உள்ளது. மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுச் சலுகைகளுக்குக் கேட்கிற 40 சதவீத ஊனத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதற்குக் குறைவாக இருந்தாலும் நஷ்டஈடு உண்டு.

வேலையிடத்தில் அடிபட்டவர்களுக்கு வழி வேறு. ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு உள்ளவர்கள் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வாரியத்துக்குப் போக வேண்டும். இல்லாதவர்களுக்கு 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது; 2025 நவம்பர் முதல் அதன் இடத்தில் 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. கை கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம் என்று 1923 சட்டத்தில் அட்டவணையே போட்டிருந்தார்கள்.