ஒட்டிக்கொண்ட டிராயரும் ஒரு டூயட்டும்

குன்னூர் மார்க்கெட் பக்கம் என் பழைய மாணவன் ஒருவன் பேக்கரி வைத்திருக்கிறான். டிசம்பர் பிறந்துவிட்டால் அவன் கடையில் இங்கிலீஷ் பாட்டுதான் ஓடும். போன வாரம் மழை விட்ட ஒரு சாயங்காலம், டீயில் வர்க்கியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரில் ஓர் ஆணும் பெண்ணும் மாறிமாறிப் பாடிக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் இருந்தபடியே அவன் கேட்டான்:

"சார், இந்த ஆள் செத்து அறுபது வருஷம் ஆச்சாம். கூடப் பாடுறது அவர் பொண்ணாம். ஏஐ வெச்சுப் பண்ணிட்டாங்களோ?"

அவன் அப்படி நினைத்ததில் தப்பில்லை. 2024-இல் 'லால் சலாம்' படப் பாட்டுக்காக மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் கணினி வழியே ஏ.ஆர். ரகுமான் கொண்டுவந்தார். அதே ஆண்டு 'கோட்' படத்தில் பவதாரிணியின் குரல் வந்தது. இதையெல்லாம் கேட்டவன் வேறு எதை நினைப்பான்?

ஆனால் பேக்கரியில் ஓடிய டூயட் 1991-இல் வந்தது. அதில் ஏஐ கிடையாது. இருந்தது துருவும் பிளாஸ்டிக்கும்.

பாட்டின் பெயர் 'அன்ஃபர்கெட்டபிள்', அதாவது மறக்க முடியாதது. எழுதியவர் இர்விங் கோர்டன். அவர் முதலில் வைத்த பெயர் 'அன்கம்பேரபிள்', ஒப்பிட முடியாதது. பதிப்பாளர் சொல்லித்தான் பெயரை மாற்றினார், நல்ல வேளை. 1951-இல் நெல்சன் ரிடிலின் இசை அமைப்பில் அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் பாடினார்; மாணவன் கேட்ட ஆள் இவர்தான். அமெரிக்கப் பட்டியலில் 12-ஆம் இடம் வரை ஏறியது. பத்து வருஷம் கழித்து, 1961-இல், பழைய வெற்றிப் பாட்டுகளை ஸ்டீரியோவில் மறுபடி பாடிப் பதிந்தபோது இதையும் பாடினார். 1965 பிப்ரவரியில் நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார். வயது 45. ஓயாமல் சிகரெட் பிடித்த மனிதர். மகள் நடாலிக்கு அப்போது 15 வயது. 1991-இல், தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டரின் மேற்பார்வையில், அந்த 1961 குரலோடு மகள் சேர்ந்து பாடினார். மறு ஆண்டு கிராமி விருதுகள் வந்து குவிந்தன. இர்விங் கோர்டனும், பாட்டு எழுதி நாற்பது வருஷம் கழித்து, அந்த ஆண்டின் சிறந்த பாட்டுக்கான விருதை வாங்கிக்கொண்டார்.

சரி, 1951 பதிவை விட்டுவிட்டு ஏன் 1961 பதிவை எடுத்தார்கள்? 1951-இல் பதிந்தது மோனோ. குரலும் வயலினும் பியானோவும் ஒரே கோட்டில் கலந்து கிடக்கும். அது கூட்டாஞ்சோறு, வெந்த பிறகு பருப்பைத் தனியாகப் பொறுக்க முடியாது. 1961-இல் மூன்று டிராக் டேப் வந்துவிட்டது. அரை அங்குல அகல டேப்பில் மூன்று பாதைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். பாடகருக்கு ஒரு பாதை, வாத்தியங்களுக்கு மற்றவை. இது அடுக்கு டிபன் கேரியர் மாதிரி. சாப்பிடும்போது எல்லாம் ஒன்றாகத்தான் வயிற்றுக்குள் போகும். ஆனால் குழம்பு மட்டும் வேண்டுமென்றால் ஓர் அடுக்கைத் தனியே கழற்றலாம். முப்பது வருஷம் கழித்துக் கழற்றினார்கள், அவ்வளவுதான்.

கழற்றியபோது குழம்பு ஏன் கெட்டுப்போகாமல் இருந்தது? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

டேப் என்பது பிளாஸ்டிக் பட்டை. அதன்மேல் பசையில் குழைத்த இரும்பு ஆக்சைடு தூள். ஊட்டி இந்துநகர் ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும்: அங்கே பிளாஸ்டிக்மேல் வெள்ளி உப்பு பூசினார்கள், இங்கே துரு. நம் வீட்டு கேட்டில் பிடிக்கும் துருவுக்கு இது பங்காளி. ஒவ்வொரு துகளும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீளமில்லாத குட்டி ஊசி, குட்டிக் காந்தம். மைக்கில் விழும் குரல் மின்சாரமாகி, டேப் உரசிக்கொண்டு போகும் 'ஹெட்' என்ற மின்காந்தத்தின் கம்பிச் சுருளில் ஓடி, காந்தப் புலமாகி, கடந்துபோகும் டேப்பில் பதிகிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், தாண்டிவிடலாம்.

ஆனால் பாடப் புத்தகம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடும். காந்தத் துகள் சரியான பிடிவாதக்காரன். மெல்லத் தள்ளினால் திரும்பவே மாட்டான். கையை எடுத்ததும் பழைய நிலைக்கே வந்துவிடுவான். ஓர் அளவுக்குமேல் தள்ளினால் ஒரேயடியாகப் புரண்டுவிடுவான். இந்தப் பிடிவாதம் நமக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் குரல் முப்பது வருஷம் தங்காது, முப்பது நிமிஷம்கூடத் தங்காது. ஆனால் பதியும் நேரத்தில் அதுவே எதிரி. மெல்லிய சத்தம் பதியாது. பலத்த சத்தம் கோணலாகப் பதியும். நாட் கிங் கோலோ உரக்கப் பாடுகிறவர் இல்லை. மைக்குக்குப் பக்கத்தில் நின்று, காதில் சொல்வதுபோலப் பாடுகிறவர். அவருடைய வரிகளின் கடைசி எழுத்து மூச்சிலேயே கரையும். அதை இந்தப் பிடிவாதக்காரர்கள் எப்படி வாங்கிக்கொண்டார்கள்?

என் வீட்டில் ஒரு சில்வர் ஓக் மேஜை இருக்கிறது. குன்னூரில் ஐப்பசி கார்த்திகை மழை பிடித்துவிட்டால் அதன் டிராயர் ஊறி உப்பிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் அசையாது. இன்னும் கொஞ்சம் இழுத்தாலும் அசையாது. பல்லைக் கடித்து இழுத்தால் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வந்து, மாத்திரை, கரண்ட் பில், மூக்குக்கண்ணாடி எல்லாம் தரையில் சிதறும். பல வருஷம் திட்டிக்கொண்டே இழுத்த பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். டிராயரை இடமும் வலமுமாகக் கிடுகிடுவென்று ஆட்ட வேண்டும். ஆட்டிக்கொண்டே இன்னொரு கையின் சுண்டுவிரலால் இழுத்தால் போதும், வழுக்கிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் இழுத்தால் கொஞ்சம், அதிகம் இழுத்தால் அதிகம். அந்த ஆட்டம் டிராயரை எங்கேயும் கொண்டுபோகவில்லை; இடம் எவ்வளவோ அவ்வளவு வலம். அது பிடிப்பை மட்டும்தான் விடுவித்தது. எவ்வளவு தூரம் வரவேண்டும் என்பதைச் சொன்னது சுண்டுவிரல்.

டேப்பிலும் இதையேதான் செய்தார்கள். பாடகரின் குரலோடு இன்னொரு மின்னோட்டத்தையும் கலந்து ஹெட்டுக்கு அனுப்பினார்கள். அது நொடிக்கு ஏறக்குறைய லட்சம் முறை முன்னும் பின்னும் ஆடும். நம் காது நொடிக்கு 20,000 ஆட்டம் வரைதான் கேட்கும். ஆகவே இது காதுக்கு எட்டாது. ஆனால் குரலைவிடப் பல மடங்கு பலமானது. இதற்குப் பெயர் பயாஸ். டேப் ஹெட்டின் மெல்லிய இடைவெளியைக் கடக்கும்போது ஒவ்வொரு துகளும் பேயாட்டம் ஆடுகிறது. இடைவெளியை விட்டு விலக விலக ஆட்டத்தின் பலம் படிப்படியாகக் குறைகிறது. பெரிய பிடிவாதக்காரன் முதலில் நின்றுவிடுகிறான், அடுத்தவன் அப்புறம், இளகின மனசுக்காரன் கடைசியில். நிற்கும் அந்தக் கணத்தில் குரல் எந்தப் பக்கம் லேசாகத் தள்ளிக்கொண்டிருந்ததோ, அந்தப் பக்கம் பார்த்து நிற்பவர்கள் கொஞ்சம் கூடுதலாக இருப்பார்கள். குரல் இரண்டு மடங்கானால் அந்தக் கூடுதலும் இரண்டு மடங்கு. கோணல் போய்விட்டது. மூச்சில் கரைந்த எழுத்தும் தன் அளவுக்கு ஏற்ற கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு டேப்பில் உட்கார்ந்துவிட்டது. ஆட்டிவைத்த பயாஸ் ஒரு தடயமும் விடாமல் போய்விட்டது.

முப்பது வருஷமாக இதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கே புதிதாக இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதையும் லேசுப்பட்டதில்லை. அமெரிக்கக் கடற்படைக்காக வேலை பார்த்த கார்ல்சன், கார்பென்டர் என்ற இருவர் 1920-களிலேயே இரும்புக் கம்பியில் ஒலி பதிய இந்த வித்தையைச் செய்து காப்புரிமையும் வாங்கினார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1940-இல் ஜெர்மன் வானொலியில் வால்டர் வெபர் என்ற பொறியாளர் டேப் இரைச்சலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஆம்ப்ளிஃபயரில் ஒரு கோளாறு. தானாகவே அதிவேகமாக ஆட ஆரம்பித்துவிட்டது. அன்றைக்குப் பதிந்த டேப் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. கோளாறைச் சரிசெய்து கடாசாமல், ஏன் நன்றாக இருக்கிறது என்று அவர் கேட்டதுதான் விஷயம். போர் முடிந்ததும் ஜாக் மல்லின் என்ற அமெரிக்க ராணுவ வீரர் அப்படிப்பட்ட இரண்டு எந்திரங்களை ஊருக்குக் கொண்டுபோனார். 1947-இல் பாடகர் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சி டேப்புக்கு மாறியது. பதினான்கு வருஷத்தில் நாட் கிங் கோலின் மூன்று டிராக்.

இப்போதெல்லாம் ஆராய்ச்சிக்குக் காசு கேட்டுப் போனால், என்ன பயன் என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறார்கள். வெபர் என்னவென்று எழுதியிருப்பார்? 'என் ஆம்ப்ளிஃபயர் கெட்டுப்போகும்' என்றா?

டூயட்டுக்கு வருவோம். குரல் தனிப் பாதையில் இருந்தாலும் அது முழுக்கத் தனியாக இருந்திருக்காது. அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். பாடகரின் மைக்கிலும் வயலின் லேசாகக் கசியும். அப்படிப்பட்ட குரலுக்குப் பின்னால் புதிதாக வேறு மெட்டில் வாசித்தால் பழைய வயலின் பேய் மாதிரி எட்டிப் பார்க்கும். பழைய நடையையே, பழைய தாளத்தோடு ஒட்டி வாசித்தால், கசிவு அதற்குள் மறைந்துவிடும். டூயட்டைக் கேட்டால் ரிடிலின் பழைய அமைப்பின் சாயல் அப்படியே தெரியும்.

வேகமும் பிசகக் கூடாது. டேப் ஒரு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரை ஸ்வரத்தில் ஆறில் ஒரு பங்கு ஏறிவிடும். நல்ல காது உடனே முகம் சுளிக்கும். அதோடு, மனிதர் பாடும் தாளம் கடிகாரம் மாதிரி இருக்காது; ஒரு வரியில் நீளும், ஒரு வரியில் சுருங்கும். உயிரோடு இருப்பவர்களாவது விட்டுக்கொடுத்துப் பாடுவார்கள், இவர் விட்டுக்கொடுக்க மாட்டார். ஹெட்ஃபோனில் அப்பாவைக் கேட்டுக்கொண்டு மகள்தான் அனுசரித்துப் போக வேண்டும். சில வரிகளில் அப்பாவின் குரலை வெட்டி இடம் விட்டார்கள். அந்த இடத்தில் மகள் பாடினார்.

இன்றைக்கு மோனோ கூட்டாஞ்சோற்றிலிருந்தும் பருப்பைப் பொறுக்கிவிடுகிறார்கள். 2023-இல் பீட்டில்ஸ் வெளியிட்ட 'நவ் அண்ட் தென்' அப்படி வந்ததுதான். ஜான் லென்னன் வீட்டில் கேசட்டில் பதிந்துவைத்த குரலைப் பியானோவிலிருந்து கணினி பிரித்தெடுத்தது. குரலைச் செய்வது வேறு, குரலைப் பிரிப்பது வேறு. முதலாவதில் அந்தப் பாட்டை அந்த மனிதர் பாடவே இல்லை. எனக்கு அது ஒட்டவில்லை. கிழவன் புலம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவனிடம் இத்தனையும் சொல்லி முடித்தபோது டீ ஆறிப்போய்விட்டது. காகிதத்தில் கணக்குப் போட்டு ஒன்று காட்டினேன். நாட் கிங் கோல் பிறந்தது 1919, இந்தக் குரல் பதிந்தது 1961. நடாலி பிறந்தது 1950, கூடப் பாடியது 1991. பாட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய், பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து திறந்தான். அடியில் ஒரு கேசட். "எங்கப்பா பேசினது சார். அத்தை கல்யாணத்துல யாரோ பதிஞ்சாங்க. விளக்கு வெச்ச பிறகு செத்தவங்க குரலைப் போடக் கூடாதுன்னு அம்மா விடவே மாட்டாங்க. அப்படியே கிடக்கு."

ரேடியோவில் ராத்திரி பத்து மணிக்குப் பாடுகிறவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லையே, அதற்கு என்ன செய்வார் உன் அம்மா என்று கேட்டேன். சிரித்தான். கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. இந்த மலை ஈரத்தில் பேய் வருகிறதோ இல்லையோ, பூஞ்சை வந்துவிடும். பூஞ்சையோடு ஓட்டினால் ஹெட்டில் அப்பும், டேப்பைச் சுரண்டும். நீலகிரியில் எத்தனை வீட்டுப் பரணில் எத்தனை படுகப் பாட்டு கேசட்டுகள் இப்படிப் பூத்துக் கிடக்கின்றனவோ. குளிர்ந்த, உலர்ந்த ஓர் அறையும், வேலை தெரிந்த இரண்டு பேருக்குச் சம்பளமும் கொடுத்தால் எல்லாவற்றையும் மாற்றி எடுத்துவிடலாம். சிலைக்கு ஆகும் செலவில் இதற்கு எவ்வளவு ஆகும்?

இப்போதைக்கு ஓட்டாதே, முதலில் காயட்டும், பஞ்சில் துடைத்த பிறகு ஒரே ஒரு தடவை ஓட்டி, ஓட்டும்போதே கணினியில் ஏற்றிவிடலாம் என்று சொல்லி வாங்கி வந்தேன். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட டப்பாவில், அடுப்படி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். மேஜை டிராயரில் வைக்கவில்லை.