டைமர்: ரவுட்டருக்குள் ஓடும் ‘கெடு’

இணையச் செய்திகளை வழி பார்த்து அனுப்பும் கருவி ரவுட்டர். அதை அமைக்கிறவர்கள் அடிக்கடி புழங்கும் சொல் டைமர். ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறைகளான ரிப், ஓஎஸ்பிஎஃப், பிஜிபி மூன்றிலும் டைமர்கள் உண்டு. ரிப்பில் அப்டேட், இன்வேலிட், ஹோல்ட்டவுன், ஃப்ளஷ் என்று நான்கு. ஓஎஸ்பிஎஃப்பில் அதிகம் கைவைப்பது ஹலோ, டெட் என்ற இரண்டில். பிஜிபியில் கீப்அலைவும் ஹோல்டும். இவற்றைத் தமிழில் எழுதப் போனால் ‘நேரங்காட்டி’, ‘காலங்காட்டி’ என்ற சொற்கள்தான் முதலில் கைக்கு வருகின்றன. இரண்டும் கடிகாரத்துக்குச் சரி. ரவுட்டருக்குள் இருக்கும் டைமர் யாருக்கும் நேரம் காட்டுவதில்லை.

ஆங்கிலத்தில் ‘டைம்’ என்பதும் கடல் ஏற்றவற்றத்தைச் சொல்லும் ‘டைட்’ என்பதும் ஒரே குடும்பம். ‘பகுத்தல்’ என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தவை என்பார்கள். அதோடு ‘அர்’ விகுதி சேர்ந்தால் நேரத்தை அளக்கிற ஆளும் ஆகலாம், கருவியும் ஆகலாம். தமிழிலும் இரண்டுக்கும் சொல் இருந்திருக்கிறது. முல்லைப்பாட்டில் பாசறையில் நாழிகை சொல்கிறவர்கள் ‘பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்’. அவர்கள் பார்த்துச் சொல்லும் நீர்க்கடிகை ‘குறுநீர்க் கன்னல்’. அழகான சொல்தான். ஆனால் கன்னலும் நேரத்தை அளந்து சொல்வதோடு நின்றுவிடும். ரவுட்டர் டைமரின் வேலை அதற்கு மேலே தொடங்குகிறது.

பக்கத்து ரவுட்டரிடமிருந்து செய்தி வந்துகொண்டே இருக்க வேண்டும். வராமல் போனால் எவ்வளவு நேரம் பொறுப்பது, பொறுத்தபின் என்ன செய்வது? இதை முடிவு செய்வதுதான் டைமர். இப்படி நாள் குறித்து, மீறினால் நடவடிக்கை என்று சொல்வதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது: கெடு. கெடு விதித்தார், கெடு முடிந்தது, கெடுவை நீட்டித்தார் என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம். தெலுங்கிலும் இதே பொருளில் ‘கடுவு’ உண்டு. ரவுட்டர் உலகின் டைமர்களில் பாதிக்கு மேல் கெடுக்கள்தான். மீதி, குறித்த நேரத்துக்கு ஒருமுறை செய்தி அனுப்பச் சொல்பவை. அவற்றுக்கு ‘இடைவெளி’ போதும்.

ரிப்பை எடுத்துக்கொள்வோம். இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 1988இல் வந்த ஆர்எஃப்சி 1058 சொல்வதன்படி 30 வினாடிக்கு ஒருமுறை ரவுட்டர் தன் வழிப்பட்டியலை அனுப்பும். இது புதுப்பிப்பு இடைவெளி. ஒரு வழியைப் பற்றி 180 வினாடி எந்தப் பேச்சும் இல்லையென்றால் அது செல்லாது. இது செல்லாக் கெடு. அதன்பின் 120 வினாடி கழித்துப் பட்டியலிலிருந்தே அழிக்கப்படும். இது நீக்கக் கெடு. மூல ஆவணம் இதை ‘குப்பை அள்ளுதல்’ என்கிறது. அப்படியே மொழிபெயர்க்கலாம்தான், ஆனால் ‘நீக்கம்’ என்றாலே புரிந்துவிடும்.

சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டரில் ரிப்பின் நான்கு டைமர்களையும் வைக்கும் ‘டைமர்ஸ் பேசிக்’ கட்டளையின் இயல்பு மதிப்புகள் 30, 180, 180, 240. கடைசி எண்ணில்தான் பலர் தடுமாறுவார்கள். ஆர்எஃப்சியின் 120 என்பது வழி செல்லாமல் போன நொடியிலிருந்து எண்ணுவது. சிஸ்கோவின் 240, கடைசியாகச் செய்தி வந்த நொடியிலிருந்து எண்ணுவது. ஆக முதலாவதில் வழி 300ஆம் வினாடியில் அழியும், இரண்டாவதில் 240லேயே. மூன்றாவது எண்ணான ஹோல்ட்டவுன் ஆர்எஃப்சியில் கிடையாது, சிஸ்கோ சேர்த்தது. விழுந்த வழியைப் பற்றி வேறு ரவுட்டர்கள் சொல்லும் பழைய கதையை உடனே நம்பாமல் நிறுத்திவைப்பது அதன் நோக்கம். அதனால் ‘நிறுத்திவைப்புக் கெடு’. 180ஆம் வினாடியில் தொடங்கி 180 வினாடி ஓட வேண்டியது, 240இல் வழியே அழிந்துவிடுவதால் 60 வினாடியில் முடிந்துபோகும். ‘கெடு’ என்று எழுதினால் எந்த நாளிலிருந்து என்று கேட்கத் தோன்றும். ‘நேரங்காட்டி’ என்று எழுதினால் அந்தக் கேள்வி எழாது.

ஹோல்ட்டவுனும் பிஜிபியின் ஹோல்ட் டைமும் ஒன்றில்லை. இரண்டாவது, பக்கத்து ரவுட்டர் உயிரோடு இருக்கிறதா என்று காத்திருக்கும் நேரம். ‘காத்திருப்புக் கெடு’ என்று வைத்துக்கொள்ளலாம். ஆர்எஃப்சி 4271 இதற்கு 90 வினாடியும், ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லும் கீப்அலைவ் செய்தியின் இடைவெளிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கும் பரிந்துரைக்கிறது. சிஸ்கோவில் இயல்பாக 180, 60. இரு பக்கமும் வேறு எண் வைத்திருந்தால் சண்டை இல்லை, சிறியதை இருவரும் ஏற்றுக்கொள்வார்கள்.

ஓஎஸ்பிஎஃப்பில் அந்த விட்டுக்கொடுப்பு கிடையாது. ஹலோ என்பது பக்கத்து ரவுட்டருக்கு ‘இருக்கிறேன்’ என்று அனுப்பும் செய்தி; அது வராமல் பொறுக்கும் நேரம் டெட். ஈதர்நெட்டில் வழக்கமான ஹலோ இடைவெளி 10 வினாடி, டெட் 40. இரண்டில் எது மாறுபட்டாலும் இரு ரவுட்டர்களும் அண்டைவீட்டாராகச் சேரவே மாட்டா. சிஸ்கோவில் ஹலோவை மாற்றினால் டெட் தானாக அதன் நான்கு மடங்காகும். டெட்டை மாற்றினால் ஹலோ அசையாது. ‘டெட் இன்டர்வல்’ என்பதை ‘இறந்த இடைவெளி’ என்று எழுதினால் பொருளே கெடும். இறந்தது இடைவெளியா என்ன? ‘துண்டிப்புக் கெடு’ என்பேன்.

கெடுவைக் குறைத்தால் கோளாறு சீக்கிரம் தெரியும் என்று எல்லாவற்றையும் ஒரு வினாடிக்கு இறக்குகிறவர்கள் உண்டு. ரவுட்டர் கொஞ்சம் வேலைப்பளுவில் இருந்தாலே ஹலோ தவறும், நல்ல இணைப்பு விழுந்து விழுந்து எழும். வேகம் வேண்டுமென்றால் அதற்கென்றே 2010இல் ஆர்எஃப்சி 5880 ஆக வந்த பிஎஃப்டி என்ற நெறிமுறை இருக்கிறது; மில்லிவினாடிக் கணக்கில் கண்டுபிடிக்கும்.

இடைவெளியிலும் ஒரு விசித்திரம். கடிகாரம் துல்லியமாக இருக்க வேண்டும். ரிப்பின் 30 வினாடியோ கொஞ்சம் பிசக வேண்டும். ஒவ்வொரு முறையும் 5 வினாடி வரை முன்பின்னாகத் தள்ளிவைக்கச் சொல்கிறது ஆர்எஃப்சி 2453. இல்லையென்றால் எல்லா ரவுட்டரும் மெல்ல ஒரே தாளத்துக்கு வந்து, ஒரே நொடியில் செய்தியைக் கொட்டும். இந்த ஒத்திசைவை சாலி ஃபிளாய்டும் வான் ஜேகப்சனும் 1993இல் ஆராய்ந்து எழுதினார்கள்.

‘கெடு’ பொருந்தாத இடமும் உண்டு. ஓஎஸ்பிஎஃப்பில் ரவுட்டர் தன் இணைப்புகளைப் பற்றி வெளியிடும் ஒவ்வொரு இணைப்புநிலை அறிவிப்பும் 0இலிருந்து மேல்நோக்கி எண்ணிக்கொண்டு போகும். 1800 வினாடியில் அதை வெளியிட்ட ரவுட்டர் புதிதாக அனுப்பும். அனுப்பாமல் 3600ஐத் தொட்டால் அது தூக்கி எறியப்படும். ஆங்கிலத்தில் இதை டைமர் என்று சொல்வதில்லை, ‘ஏஜ்’ என்கிறார்கள். தமிழிலும் வயது என்றே எழுதலாம்.